முடக்கு வாதம் உள்ளவர்களுக்கு மீண்டும் பக்கவாதம் வரும் ஆபத்து: காரணங்களும் தடுக்கும் வழிகளும்

புதுடெல்லி: கைவிரல் மூட்டு வீக்கத்துக்கு ஒரு மருத்துவர், பக்கவாதம் வந்த பின்னர் மூளை நரம்புக்கு இன்னொரு மருத்துவர். ஒருவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு மற்றவரின் பார்வைக்கு வராமலேயே பல குடும்பங்களில் ஆண்டுகள் கழிகின்றன. மூட்டு வேறு, மூளை வேறு என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

ஆனால், முடக்கு வாதம் உள்ள ஒருவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டால் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. மூட்டுகளை அரிக்கும் அழற்சி ரத்தக்குழாய்களையும் சேதப்படுத்துகிறது. மூட்டு வலிக்காக வாங்கி உண்ணும் மாத்திரை, பக்கவாதத்தைத் தடுக்கும் மாத்திரையின் வேலையைக் கெடுக்கக்கூடும். எனவே, ஒருமுறை பக்கவாதத்தில் இருந்து மீண்ட முடக்கு வாத நோயாளிக்கு, அது மீண்டும் வராமல் தடுப்பதில் மூட்டுச் சிகிச்சைக்கும் முக்கியப் பங்கு உண்டு.

பெயரில் ஒற்றுமை, நோயில் வேற்றுமை

தமிழில் இரு நோய்களின் பெயரிலும் 'வாதம்' என்ற சொல் இருப்பதால் குழப்பம் எழுவது இயல்பு. கை, கால் செயலிழப்பதையே 'முடக்கு வாதம்' எனச் சொல்வோரும் உண்டு. மருத்துவத்தில் இவை முற்றிலும் வேறானவை.

முடக்கு வாதம் என்பது உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்தத் திசுக்களையே பகையெனக் கருதித் தாக்கும் நோய். மூட்டுகளின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு வீங்கித் தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் மணிக்கட்டுகளிலும் வலியும் வீக்கமும் தொடங்கும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க இயலாத விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடிக்கலாம்.

பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் மூளையின் ஒரு பகுதி திடீரெனச் செயலிழப்பது. அடைப்பினால் வருவதே அதிகம். ரத்தக்கசிவினால் வருவது குறைவு.

முதுமையில் முழங்கால் தேய்வதால் வரும் மூட்டுவலி முடக்கு வாதம் ஆகாது. சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்து இதய வால்வுகளைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலும் வேறு நோயே. ருமாட்டிக் இதய நோயாலும் பக்கவாதம் வரக்கூடும். எனினும் அதன் காரணமும் சிகிச்சையும் வேறு. 'ருமாட்டிக்' என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்திருக்கும் குடும்பத்தினர், தங்களுக்கு இருப்பது எது என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம்.

எத்தனை பேருக்கு இந்நோய்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 1.8 கோடிப் பேர் முடக்கு வாதத்துடன் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் பெண்கள். 55 சதவீதத்தினர் 55 வயதைக் கடந்தவர்கள். பக்கவாத ஆபத்து உயரத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதுவே.

இந்தியாவில் டெல்லிக்கு அருகிலுள்ள ஹரியாணாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டறிந்தது. நாட்டின் அப்போதைய மக்கள்தொகைக்கு அதைப் பொருத்தியபோது கிடைத்த எண்ணிக்கை ஏறத்தாழ 70 லட்சம். அதன்பின் மக்கள்தொகை பெருமளவு உயர்ந்திருக்கிறது.

மூட்டின் அழற்சி மூளையை எட்டுவது எப்படி?

முடக்கு வாதத்தில் அழற்சி மூட்டுக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை. அங்கு உருவாகும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுகின்றன. ரத்தப் பரிசோதனையில் இஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய அளவுகள் உயர்ந்து காணப்படுவது இந்த அழற்சியின் வெளிப்பாடுதான்.

இந்த வேதிப்பொருள்கள் தமனிகளின் உட்சுவரைப் பாதிக்கின்றன. வழுவழுப்பாக இருந்து ரத்தம் தடையின்றிச் செல்ல உதவும் அந்தச் சுவர் தன் இயல்பை இழக்கும்போது, கொழுப்பு அதில் எளிதாகப் படிகிறது. படிந்த கொழுப்புத் திட்டுகளுக்குள்ளும் அழற்சி புகுந்து அவற்றின் மேலுறையை மெலியச் செய்கிறது. மெலிந்த உறை ஒருநாள் கிழிந்தால், அவ்விடத்தில் ரத்தத் தட்டணுக்கள் திரண்டு ரத்தக்கட்டி உருவாகிறது. கழுத்துத் தமனியில் அல்லது மூளைத் தமனியில் இது நிகழ்ந்தால் பக்கவாதம். இதயத் தமனியில் நிகழ்ந்தால் மாரடைப்பு.

இரண்டாவது வழி இதயத்தின் ஊடாகச் செல்கிறது. இதயத்தின் மேலறைகள் சீரற்றுத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்' என்ற நிலையில், ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் பயணிக்கலாம். டென்மார்க் நாட்டின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், முடக்கு வாத நோயாளிகளுக்கு இந்தச் சீரற்ற துடிப்பு ஏறத்தாழ 40 சதவீதமும், பக்கவாதம் ஏறத்தாழ 30 சதவீதமும் மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக ஏற்பட்டது தெரியவந்தது.

பல ஆய்வுகளைத் தொகுத்து அதே ஆண்டில் வெளியான மற்றொரு பகுப்பாய்வு, மாரடைப்பு ஆபத்து 68 சதவீதமும், மூளை ரத்தக்குழாய் நோய் ஆபத்து 41 சதவீதமும் உயர்வதாகக் கணித்தது. பொதுமக்களுக்கான இதய நோய் ஆபத்துக் கணக்கீட்டில் கிடைக்கும் எண்ணை, முடக்கு வாதம் இருப்பின் ஒன்றரை மடங்காக்க வேண்டும் என்று மூட்டுவாத நோய்களுக்கான ஐரோப்பிய மருத்துவ அமைப்பு பரிந்துரைப்பது இதனால்தான்.

கொழுப்புப் பரிசோதனை தரும் பொய்யான நிம்மதி

'கொலஸ்ட்ரால் நார்மல்தான்' என்ற அறிக்கையைப் பார்த்து ஆறுதல் அடைவோர் பலர். முடக்கு வாதம் தீவிரமாக இருக்கும் காலத்தில் இந்த ஆறுதல் தவறாக முடியலாம்.

அழற்சி மிகும்போது மொத்தக் கொழுப்பும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவும் ரத்தத்தில் குறைந்து காணப்படுகின்றன. ஆனால், ரத்தக்குழாய் அடைப்புக்கான ஆபத்தோ அப்போதுதான் கூடுதலாக இருக்கிறது. மருத்துவர்கள் இதனைக் 'கொழுப்பு முரண்பாடு' என்கின்றனர். தக்க சிகிச்சையால் அழற்சி தணிந்ததும் கொழுப்பின் அளவு சற்று உயரும். அதைக் கண்டு 'மூட்டு மருந்துதான் கொழுப்பை ஏற்றிவிட்டது' என அஞ்சி, மருந்தை நிறுத்துவது பிழையாகும். நோய் கட்டுக்குள் வந்த பின்னர் எடுக்கப்படும் பரிசோதனையே உண்மை நிலைக்கு நெருக்கமானது.

இரண்டாவது பக்கவாதம் ஏன் கூடுதல் கவலைக்குரியது?

பொதுவாகவே, ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு குறைவன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான பகுப்பாய்வின்படி, முதல் 30 நாள்களில் 3.1 சதவீதத்தினருக்கும், ஓராண்டுக்குள் 11.1 சதவீதத்தினருக்கும், 5 ஆண்டுகளுக்குள் 26.4 சதவீதத்தினருக்கும், 10 ஆண்டுகளுக்குள் 39.2 சதவீதத்தினருக்கும் மறுபடியும் பக்கவாதம் ஏற்பட்டது.

முதல் பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி ஏற்கெனவே சேதமடைந்திருக்கும். மீதமுள்ள பகுதிகள் அதன் வேலையை மெல்லக் கற்றுக்கொண்டு வரும் நேரத்தில் இரண்டாவது அடி விழுந்தால், நடப்பது, பேசுவது, விழுங்குவது, நினைவில் வைப்பது என மீட்டெடுத்த அனைத்தும் பறிபோகலாம்.

முடக்கு வாத நோயாளியிடம் இந்தப் பொதுவான ஆபத்தோடு வேறு சிலவும் சேர்கின்றன. முதல் பக்கவாதத்துக்கு வழிவகுத்த அழற்சி அடங்காமல் தொடரலாம். வலிக்காக உண்ணும் மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். மூட்டு வலியும் பக்கவாதத்தால் வந்த தளர்ச்சியும் சேர்ந்து நடமாட்டத்தைக் குறைக்க, உடல் எடையும் சர்க்கரையும் உயரலாம். போதாக்குறைக்கு, ஏற்கெனவே பல மாத்திரைகள் உண்பவர் என்பதால் இதயத்துக்கும் மூளைக்கும் உரிய தடுப்பு மருந்துகளில் சில விடுபட்டுப் போகின்றன. மாரடைப்பில் இருந்து மீண்ட முடக்கு வாத நோயாளிகளுக்கு, ஸ்டேட்டின் உள்ளிட்ட தடுப்பு மருந்துகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தொடங்கப்பட்டதை டென்மார்க் ஆய்வு ஒன்று பதிவு செய்துள்ளது.

வலி மாத்திரையில் மறைந்திருக்கும் ஆபத்து

மருந்துக் கடையில் சீட்டு ஏதுமின்றி வாங்கப்படும் வலி நிவாரணிகள்தாம் இவ்விஷயத்தில் முதலில் கவனிக்க வேண்டியவை. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், எட்டோரிகாக்சிப் போன்றவை வலியையும் வீக்கத்தையும் தணிக்கும். ஆனால், எலும்பு அரிக்கப்படுவதை அவை தடுப்பதில்லை. அதாவது, முடக்கு வாதம் உள்ளே தொடர்ந்துகொண்டிருக்க, வலி மட்டும் மறைக்கப்படுகிறது.

இவ்வகை மருந்துகள் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தை உயர்த்தக்கூடும் என்பது புதிய செய்தியன்று. ரோஃபிகாக்சிப் என்ற வலி மருந்து 2004-இல் இக்காரணத்துக்காகவே உலகச் சந்தையில் இருந்து திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் அது தடை செய்யப்பட்டது. மூளை ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தரக் கூடாது என ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013-இல் அறிவுறுத்தியது. ஆஸ்பிரின் தவிர்த்த இவ்வகை வலி மருந்துகளைத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே ஆபத்து உயரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

பக்கவாதத்தில் இருந்து மீண்டவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கக் குறைந்த அளவில் தரப்படும் ஆஸ்பிரின், தட்டணுக்களில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் பொருந்தி வேலை செய்கிறது. இபுபுரோஃபென் அதே இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால், ஆஸ்பிரின் பயனற்றுப் போகலாம். நோயாளியோ தான் மருந்தை ஒழுங்காக உண்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

ஆஸ்பிரினும் வலி மருந்தும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேரும்போது வயிற்றுப் புண்ணும் ரத்தக்கசிவும் ஏற்படும் அபாயம் கூடுகிறது. ரத்தக்கசிவு வந்தால் ஆஸ்பிரினை நிறுத்த நேரிடும். ஆஸ்பிரின் நின்றால் பக்கவாதத்துக்கான காப்பும் நின்றுபோகும். வயிற்றைக் காக்கத் தரப்படும் மாத்திரையிலும் கவனம் தேவை. ஒமெப்ரசோல், பக்கவாதத் தடுப்புக்கான குளோபிடோக்ரெல் மருந்தின் ஆற்றலைக் குறைக்கக்கூடியது. அதற்கு மாற்று மருந்துகள் உள்ளன.

இவற்றைப் படித்துவிட்டு வலியைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று கருத வேண்டியதில்லை. மூட்டு நோயின் வேரைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் சரியாக அமைந்தால், அன்றாட வலி மாத்திரையின் தேவை பெருமளவு குறையும். இடைக்காலத்தில் எந்த வலி மருந்து, எத்தனை நாள், எந்த அளவில் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீராய்டும் புதிய மாத்திரைகளும்

பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் ஓரிரு நாள்களில் வியப்பூட்டும் நிவாரணம் தரும். அதனாலேயே பலர் அவற்றை விட மனமின்றி ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றனர். நீண்டகாலப் பயன்பாடு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்துகிறது. இவ்விரண்டும் பக்கவாதத்தின் முதன்மைக் காரணிகள். இயன்றவரை குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். அதே வேளையில், பல மாதங்களாக உண்பவர் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

ஜாக் தடுப்பான்கள் என்ற வகையைச் சேர்ந்த டோஃபாசிடினிப், பாரிசிடினிப் போன்ற மாத்திரைகள் ஊசியின்றி உண்ணக்கூடியவை என்பதால் வரவேற்பைப் பெற்றன. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள, ஏதேனும் ஓர் இதய நோய்க் காரணியாவது கொண்ட 4,362 முடக்கு வாத நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை டோஃபாசிடினிப் பெற்றோரில் 3.4 சதவீதமாகவும், டிஎன்எஃப் தடுப்பு ஊசி பெற்றோரில் 2.5 சதவீதமாகவும் இருந்தன. இதையடுத்து 2021-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவ்வகை மருந்துகளின் அட்டையில் கடும் எச்சரிக்கையைச் சேர்க்க உத்தரவிட்டது. எனவே, இம்மருந்தைத் தொடங்கும் முன் தமக்குப் பக்கவாதம் வந்த வரலாற்றை நோயாளி கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் பரவலாகத் தரப்படும் லெஃப்ளூனோமைடு மருந்தும் சிலருக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், அதை உண்பவர்கள் அழுத்தத்தை அடிக்கடி அளந்து பார்ப்பது நல்லது.

அழற்சியைக் குறைத்தால் பக்கவாதம் குறையுமா?

முடக்கு வாத நோயாளிகளிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான பகுப்பாய்வு, மெத்தோட்ரெக்சேட் உண்பவர்களில் இதய, ரத்தக்குழாய் நோய்ச் சம்பவங்கள் 28 சதவீதமும், டிஎன்எஃப் தடுப்பு ஊசி பெறுவோரில் 30 சதவீதமும் குறைவாக இருந்ததைக் காட்டியது. மறுபுறம், ஸ்டீராய்டு உண்பவர்களில் 47 சதவீதமும், வலி நிவாரணி உண்பவர்களில் 18 சதவீதமும் கூடுதலாக இருந்தன. இவை பெரும்பாலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துப் பெற்ற தகவல்கள் என்பதால், மருந்து மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும், திசை தெளிவாகத் தெரிகிறது.

முடக்கு வாதம் இல்லாத பொது நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் கலவையான விடையைத் தந்துள்ளன. மாரடைப்பில் இருந்து மீண்ட 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், அழற்சியைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி இதயச் சம்பவங்களை 15 சதவீதம் குறைத்தது. குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட்டைச் சோதித்த மற்றோர் ஆய்வில் அத்தகைய பயன் கிடைக்கவில்லை. பக்கவாதத்துக்குப் பின் கோல்சிசின் மருந்தைத் தந்து பார்த்த இரு ஆய்வுகள் 2024-இல் வெளியாயின. சீனாவில் 8,343 பேரிடம் 90 நாள்கள் நடந்த ஆய்வில் பயனில்லை. 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட கன்வின்ஸ் ஆய்வில் தென்பட்ட குறைவு, புள்ளியியல்படி உறுதி செய்யும் அளவுக்கு இல்லை.

இதிலிருந்து பெறும் பாடம் எளிமையானது. அழற்சி எதிர்ப்பு மருந்தைப் பக்கவாதத் தடுப்பு மருந்தாக நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால், முடக்கு வாதம் இருப்பவருக்கு அந்நோயை முழுமையாக அடக்குவதே மூட்டுக்கும் நல்லது, ரத்தக்குழாய்க்கும் நல்லது.

மீண்டும் வராமல் தடுக்க உறுதியான வழிகள்

அழற்சியைக் கட்டுப்படுத்துவது, வழக்கமான பக்கவாதத் தடுப்பு முறைகளுக்கு மாற்றாகாது. அவற்றோடு சேர வேண்டியது அது.

ரத்த அழுத்தம்: 6,105 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான புரோகிரஸ் ஆய்வு, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளால் மறு பக்கவாதம் 28 சதவீதம் குறைவதை நிறுவியது. பெரும்பாலானோருக்கு 130/80-க்குக் கீழ் வைப்பது இலக்கு.

கொழுப்பு: 2006-இல் வெளியான ஸ்பார்க்கிள் ஆய்வில், அட்டோர்வாஸ்டேட்டின் 80 மில்லிகிராம் பெற்றவர்களில் 11.2 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13.1 சதவீதத்தினருக்கும் மீண்டும் பக்கவாதம் வந்தது. தமனித் தடிப்பினால் பக்கவாதம் வந்தவர்களுக்கு எல்டிஎல் அளவை 70-க்குக் கீழ் கொண்டுவருவது கூடுதல் பயன் தருவதை 2020-இல் வெளியான பிரான்ஸ், தென்கொரிய ஆய்வு காட்டியது. ஸ்டேட்டின் உண்பவருக்குத் தசைவலி வந்தால், அது மூட்டு நோயின் வலியா, மருந்தின் விளைவா என்பதை மருத்துவரே கண்டறிய வேண்டும்.

ரத்த உறைவுத் தடுப்பு: அடைப்பினால் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் தரப்படும். இதயத் துடிப்பு சீரற்று இருப்பின் வேறு வகை மருந்து தேவை. நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பதாக உணர்ந்தால் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தக்கசிவினால் பக்கவாதம் வந்தவர்களுக்கு இம்மருந்துகள் பொருந்தாமல் போகலாம். எனவே, தமக்கு வந்தது எவ்வகை என்பதை நோயாளியின் குடும்பம் அறிந்திருக்க வேண்டும்.

புகையிலை: முடக்கு வாதம் வருவதற்கும் அது தீவிரமாவதற்கும் புகைப்பழக்கம் காரணமாகிறது, பக்கவாதத்துக்கும் அதுவே காரணம். 2016-17-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துகின்றனர். பீடி, குட்கா, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை என எதற்கும் விதிவிலக்கு இல்லை.

அறுவை சிகிச்சை: மூட்டு மாற்று அறுவைக்காக ஆஸ்பிரினை நிறுத்தும் முன் நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும். பக்கவாதம் வந்து 9 மாதங்களுக்குள் செய்யப்படும் அறுவைகளில் ஆபத்து கூடுதல் என்பதை 2014-இல் வெளியான டென்மார்க் ஆய்வு சுட்டிக்காட்டியது. அவசரமற்ற அறுவையைத் தள்ளிவைப்பதே நல்லது.

காலை விறைப்பா, பக்கவாதமா?

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகிய மூன்றும் பக்கவாதத்தின் முதன்மை அறிகுறிகள். திடீரெனப் பார்வை மங்குதல், தள்ளாட்டம் ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 'இரு கைகளையும் உயர்த்துங்கள்' என்ற எளிய சோதனை, முடக்கு வாத நோயாளியிடம் குழப்பம் தரக்கூடும். தோள் வலியால் அவர் எப்போதும் கையை உயர்த்த முடியாதவராக இருக்கலாம். தூங்கி எழுந்ததும் கை அசையவில்லை என்றால், 'வழக்கமான விறைப்புதான், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சரியாகும்' என்று பொன்னான நேரம் வீணாகிவிடவும் கூடும்.

வேறுபாட்டை இவ்வாறு அறியலாம். மூட்டு விறைப்பு பெரும்பாலும் இரு கைகளிலும் இருக்கும், வலியோடு இருக்கும், மெல்ல மெல்ல இளகும். பக்கவாதம் பொதுவாக ஒரு பக்கத்தில், திடீரென, வலியின்றி வரும். கை வலிக்கிறதா என்பதைவிட, நேற்று செய்ய முடிந்ததை இன்று ஒரு பக்கத்தில் மட்டும் செய்ய முடியவில்லையா என்று கேட்பதே சரியான கேள்வி. கையால் முடிவு செய்ய இயலாவிட்டால் முகத்தையும் பேச்சையும் கவனிக்க வேண்டும்.

ஐயம் இருப்பின் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்தக் கணக்கு, நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தில் இருந்து தொடங்குகிறது. சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிட்ட தளர்ச்சியும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. அது அடுத்து வரவிருக்கும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. பக்கவாதத்தால் நினைவாற்றல் குறைந்தவரிடம் இந்தப் பொறுப்பை விட்டுவிடக் கூடாது. கிழமையைக் குறித்து வைத்து, குடும்பத்தினர் ஒருவர் கையாலேயே எடுத்துத் தருவது பாதுகாப்பு.

நீண்டகால முடக்கு வாதம் கழுத்தின் மேற்பகுதி எலும்புகளின் பிணைப்பைத் தளரச் செய்யலாம். அத்தகையோர் முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்க விடுவதும், வன்மையாகப் பிடித்து விடச் சொல்வதும் தண்டுவடத்துக்கும் மூளைக்குச் செல்லும் தமனிக்கும் கேடு விளைவிக்கக்கூடும்.

இயன்முறைப் பயிற்சியின்போது மூட்டு நோய் இருப்பதை முன்னதாகவே சொல்ல வேண்டும். வீங்கிய மணிக்கட்டில் உடல் எடை முழுவதையும் தாங்கி ஊன்றுகோலைப் பிடிக்க இயலாது. முன்கை முழுவதும் தாங்கும் வகையிலான ஊன்றுகோல் தேவைப்படலாம். வலி குறைவாக இருக்கும் நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்வதும் பயனளிக்கும்.

இந்திய ஆய்வு சொல்வது என்ன?

மறு பக்கவாதத்தைத் தடுக்கும் முயற்சியாக நாட்டின் 31 மருத்துவ மையங்களில் 4,298 பேரிடம் 'ஸ்பிரின்ட் இந்தியா' என்ற ஆய்வு நடத்தப்பட்டு, 2023-இல் லான்செட் குழும இதழில் வெளியானது. குறுஞ்செய்தி, காணொலி, பயிற்சி நூல் ஆகியவை நோயாளிகளின் மொழியிலேயே வழங்கப்பட்டன. ஓராண்டின் முடிவில் மறு பக்கவாதம் உள்ளிட்ட சம்பவங்கள் குறையவில்லை. ஆனால், மருந்தைத் தவறாமல் உண்பதும், புகை, மதுப் பழக்கத்தைக் கைவிடுவதும் மேம்பட்டன. பொதுவான அறிவுரை பழக்கத்தை மாற்றுகிறது. ஆனால், அது மட்டும் போதாது என்பதை இது உணர்த்துகிறது. முடக்கு வாதம் போன்ற கூடுதல் காரணி உள்ளவருக்கு, அவருடைய நோய்க்கு ஏற்ற தனிக் கவனிப்பு தேவை.

அதற்கான முதல் படிக்குச் செலவே இல்லை. உண்ணும் அனைத்து மருந்துகளையும், கடையில் தாமாக வாங்குவதையும் நாட்டு மருந்தையும் உட்பட, ஒரே தாளில் எழுதி இரு மருத்துவர்களிடமும் காட்ட வேண்டும். கூடவே இந்தக் கேள்விகளையும் கேட்கலாம்: என் மூட்டு நோய் முழுக் கட்டுப்பாட்டில் உள்ளதா? நான் உண்ணும் வலி மாத்திரை பக்கவாதம் வந்தவருக்கு ஏற்றதா? ஸ்டீராய்டைக் குறைக்க வழி உண்டா? என் ரத்த அழுத்தம், எல்டிஎல் இலக்கு எவ்வளவு? எனக்கு இசிஜி எடுக்கப்பட்டதா?

இரு சீட்டுகளும் ஒரே மேசையில் ஒருங்கே பார்க்கப்படும் நாளில்தான், அவற்றுக்கிடையே மறைந்திருக்கும் முரண்பாடு வெளிப்படும். இரண்டாவது பக்கவாதத்தைத் தடுக்கும் வாய்ப்பும் அங்கேயே தொடங்குகிறது.

(இக்கட்டுரை பொதுவான மருத்துவத் தகவலுக்கானது. மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த மருந்தையும் தொடங்கவோ, நிறுத்தவோ, அளவை மாற்றவோ கூடாது.)